ஆறாம் வருஷக் கந்தசட்டியும் என் வாயும்

என் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே நாலு பல்லின் தழும்பு இருக்கிறது. நாய்க்கடி என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் கடித்தது. ஊரில் யாரிடமும் சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். அன்று விடிய இன்சுலினைப் போட்டுக்கொண்டு, மழைக்கு முன் வெங்காயத்தைக் கிண்டி முடித்துவிடலாம் என்று சாப்பிடாமலே தோட்டத்துக்குப் போயிருக்கிறார். பத்து மணிபோல வரம்பில் நின்று கூலிக்கு வந்தவர்களையும் வேலியையும் கிணற்றையும் தூஷணத்தால் ஏசத் தொடங்கினாராம். மனுசன் குடித்துவிட்டார் என்று நாலு பேர் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி வாயை மணந்து பார்க்கக் குனிந்தேன். கடித்துவிட்டார். பிறகு பார்த்தால் இரத்தத்தில் சீனி முப்பத்திரண்டு; எழுபதுக்குக் கீழே போகக்கூடாது. குளுக்கோஸ் ஏறிப் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்தார். "மிசி, உங்கடை கையிலை ரத்தம் வருது. ஆரும் பாக்கேல்லையோ?" என்று அவ்வளவு கவலையோடு கேட்டார். தாதியரை எங்கள் சனம் மிசி என்றுதான் கூப்பிடும்.

அன்றிலிருந்து ஒருவர் வியர்த்துக்கொண்டு ஏசினாலும், கொட்டாவி விட்டாலும், ஒரு பக்கம் இழுத்து விழுந்தாலும், சம்பந்தமில்லாமல் சிரித்தாலும் நான் முதலில் விரல் நுனியில்தான் குத்துவேன். மூக்கை வைப்பது பிறகு. பாரிசவாதம், வலிப்பு, வெறி, விசர் என்று எந்த வேஷமும் போட்டுக்கொண்டு வரக்கூடியது இந்தச் சீனிக் குறைவு. ஒரு துளி இரத்தத்தில் அதன் வேஷம் கலைந்துவிடும்.

புதிதாக வந்திருக்கும் தாதியராகிய நீங்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எத்தனை மில்லி ஏற்றுவது, எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் பார்ப்பது எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. உங்கள் தொலைபேசியிலும் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வெங்காயத் தோட்டக்காரர் கதையை நான் எங்கே போனாலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இனிச் சொல்லப்போகும் கதையை ஓய்வு பெறும் வரை யாருக்கும் சொல்லவில்லை.

உடுப்பிட்டியில் பிறந்தவள் நான். கடைசிப் பன்னிரண்டு வருஷமும் வடமராட்சியில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் நீரிழிவு கிளினிக், மற்ற நாட்களில் அவசர சிகிச்சைப் பிரிவு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சமா என்று என்னோடு வேலை செய்தவர்கள் கேட்பார்கள். சரி, நல்ல நீளம். செவ்வாய்க்கிழமை காலையில் நான் சைக்கிளால் இறங்கினால், வாசலில் நீள வாங்குப் பலகையில் இருப்பவர்கள் கையிலிருந்த வடையை ஒளிப்பார்கள்.

ஒளிக்காமல் என்ன செய்வார்கள்? எங்கள் ஆட்களின் சாமர்த்தியம் உங்களுக்கும் போகப்போகத் தெரியும். மாதம் முழுக்கச் சோறும் கறியும் பாயாசமும் வெட்டிவிட்டு, கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண்ணோடு வருவார்கள். "பனங்கட்டி சீனியோ மிசி? அது பனையிலை இருந்தெல்லோ வருது" என்று சட்டம் கதைப்பார்கள். கோயில் திருவிழா வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். விரதம் என்றால் விழுங்குகிற நீரிழிவுக் குளிசைக்கும் விரதம்.

ஓர் ஆவணி மாதம், திருவிழாக் காலம் முழுவதும் குளிசையைத் தொடாமல் இருந்த ஒருவர் கால் பெருவிரல் கறுத்து வந்தார். அவருடைய சீனி நானூற்றெண்பது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். நான் எழும்பி நின்று, வாங்கு முழுவதற்கும் கேட்கத் தக்கதாகச் சொன்னேன்: "விரதமெண்டாலும் சரி, கலியாணமெண்டாலும் சரி, ஒரு நாளும் குளிசையை விடப்படாது. விட்டிட்டு இஞ்சை வந்தால் நான் மனிசியா இருக்கமாட்டன்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் எப்போதும் ஆட்டுவார்கள். நான் சொல்வதை யார் கேட்டது என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

அது முடிந்து இரண்டு மாதம் போயிருக்கும். முருகனுக்கு ஆறு நாள் பிடிக்கிற கந்தசட்டி விரதம் தொடங்கி நாலாம் நாள். மாரி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலை பதினொரு மணியளவில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நடுவில் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மனோன்மணி. ஐம்பத்தாறு வயது. எங்கள் கிளினிக் ஆள்தான். வாங்கின் ஓரத்தில் இருந்து ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவள். வலது கை துவண்டு தொங்கியது, வாய் கோணியிருந்தது, உடுப்பு முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. பாரிசவாதம், உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும், அம்புலன்ஸ் எங்கே என்று வந்தவர்கள் பதறினார்கள்.

நான் விரலில் குத்தினேன். இருபத்தெட்டு.

அன்று கடமையில் இருந்த டொக்டர் வேலைக்கு வந்து ஆறு மாதமாகாத பெண்பிள்ளை. நான் நாளத்தைப் பிடித்துக் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவ கேட்டா, இவ இன்றைக்குக் குளிசை போட்டவவோ என்று. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. மருந்து விபரம் எழுதுகிற கிளினிக் கொப்பியும் கொண்டுவரவில்லை. பதிலைச் சொன்னது நான். "விரதகாரர் எங்கை டொக்டர் குளிசை போடுகினம்? நாலு நாள் பட்டினி. அதுதான்."

என் முப்பது வருஷ அனுபவம் அப்படிச் சொல்ல வைத்தது. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன், வெறும் பட்டினி ஒருவரை அப்படிக் கைகால் இழுத்து விழுத்துவது அருமை. அதற்குப் பின்னால் ஒரு குளிசையோ ஊசியோ ஒளிந்து நிற்கும். அல்லது சாராயம், அல்லது பழுதான சிறுநீரகம். பட்டினி என்று சொல்லித் திருப்திப்பட்டால் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல.

ஐந்து நிமிடத்தில் மனோன்மணியின் கை மடங்கியது, வாய் நேரானது, கண் திறந்தது. உங்களில் யாரும் இதைப் பார்த்திருந்தால் தெரியும், எங்கள் தொழிலில் இவ்வளவு கெதியாகக் கிடைக்கிற சந்தோஷம் வேறு இல்லை. செத்தவரை எழுப்பினது மாதிரி நெஞ்சு நிமிர்ந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கும்பிட்டார்கள். நானும் அதைத் தடுக்கவில்லை.

மனோன்மணி கும்பிடவில்லை. எழுந்து உட்கார்ந்து முதல் கேட்டது, "எனக்கு வாயாலை ஏதும் தந்தனீங்களோ?" என்றுதான். இல்லை, நாளத்தால்தான் ஏற்றினோம் என்றேன். "அப்ப முறியேல்லை" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கொண்டையை முடிந்தாள்.

அவளுடைய விரதத்தின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் தவராசா கடல் தொழில். அஞ்சாறு வருஷத்துக்கு முன் காங்கேசன்துறைக்கு வெளியே இயந்திரம் பழுதாகி மூன்று நாள் கடலில் இழுபட்டவர். கரையில் எல்லோரும் கையை விட்டபிறகு, மனோன்மணி முருகனிடம் போய், ஆளைத் தா, ஆறு வருஷம் கந்தசட்டி இருக்கிறேன் என்று நேர்ந்தாள். நாலாம் நாள் வேறொரு வள்ளம் அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் ஆறு நாளும், பகல் முழுவதும் தண்ணீர், பொழுதுபட ஒரு கோப்பை பால், அவ்வளவுதான். ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. இது ஆறாவது. இன்னும் இரண்டு நாள் தாண்டினால் நேர்த்தி நிறைவேறிவிடும். முறிந்தால் ஆறு வருஷமும் தண்ணீரில் போய்விடும் என்பது அவளுடைய எண்ணம்.

டொக்டர் பிள்ளை மெல்ல என்னிடம் வந்து, "எதுக்கும் ஒரு நாள் வைச்சுப் பாப்பம் மிஸ். குளிசை போட்டிருந்தால் திரும்ப விழும்" என்றா. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்று வந்துவிட்டது. டொக்டர் அங்கே ஓடினா. இங்கே மனோன்மணி, வீட்டை போகவேணும், பின்னேரப் பூசைக்கு நிற்கவேணும், கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று கட்டிலால் இறங்கி நிற்கிறாள். சீனியைப் பார்த்தேன், இருநூற்றுப் பத்து. எனக்கு அவளைத் தெரியும். வீடு கிட்ட. பொழுதுபட்டதும் பாலைக் குடிப்பேன் என்று சத்தியமும் பண்ணினாள். விபத்துக் கட்டிலுக்குப் போய் டொக்டரிடம், "நான் பொறுப்பு, விடுவம்" என்றேன். இரத்தத்தில் இரண்டு கையையும் வைத்திருந்த பிள்ளை என்னுடைய வயதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டா. நான் மட்டும் "விடப்படாது" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் மனோன்மணி பேசாமல் படுத்திருப்பாள். ஊருக்கெல்லாம் போடுகிற சத்தத்தை அன்றைக்கு நான் போடவில்லை.

நான் மனோன்மணியிடம் ஒரேயொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கண் திறந்து, வாய் திறந்து, எனக்கு முன்னால் ஒன்றரை மணித்தியாலம் இருந்தவள். காலையில் குளிசை போட்டாயா? கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயில் வீதியில் என்ன நடந்தது என்பதை நான் பிறகு கேட்டு அறிந்தேன். மனோன்மணி கும்பிட்டுக்கொண்டு நின்றவள் ஆடத் தொடங்கியிருக்கிறாள். வியர்வை ஒழுகுகிறது, கண் சொருகுகிறது, வாய் ஏதோ முணுமுணுக்கிறது. விரதகாரி, ஆறாம் வருஷம், முருகன் வாசல். சனம் வேறென்ன நினைக்கும்? சாமி வந்துவிட்டது என்று சுற்றி நின்று கும்பிட்டிருக்கிறார்கள். ஒருத்தி தன் மகனின் கனடா விசா சரிவருமா என்று கேட்டுக்கூட விட்டாளாம். அதற்கும் மனோன்மணி ஏதோ சொன்னதாகவும், அது ஓம் என்றுதான் கேட்டது என்றும் அந்தத் தாய் இன்றைக்கும் சொல்லுவா.

பிறகு விழுந்தாள். விழுந்தவளின் வாயில் தீர்த்தம் பருக்க ஒருவர் செம்போடு ஓடிவந்திருக்கிறார். தவராசா அந்தக் கையைத் தட்டிவிட்டு, மனைவியைச் சரித்துப் படுக்கவைத்து, கன்னத்தை நிலத்தோடு வைத்துக்கொண்டார். கடலில் விழுந்து எடுத்தவரை எப்படிக் கிடத்துவது என்பது அந்த மனுசனுக்குத் தெரியும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்று நாங்கள் எத்தனை கூட்டம் வைத்துச் சொல்லியிருப்போம்! அந்தத் தீர்த்தம் உள்ளே போயிருந்தால் நேரே நுரையீரலுக்குத்தான் போயிருக்கும்.

ஐந்தரைக்கு மனோன்மணியை மீண்டும் என் கட்டிலில் கிடத்தினார்கள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மீற்றரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவு குறைவு என்ற எழுத்துத்தான் வந்தது. கையில் நாளம் பிடிபடவில்லை. நாலு நாள் பட்டினி கிடந்த உடம்பு, குளிர்ந்துபோய் எல்லாம் உள்ளே ஒளித்துவிட்டது. இரண்டு தரம் குத்தித் தவறினேன். முப்பது வருஷமாக என் விரல் தவறியதில்லை என்று சொல்லித் திரிந்தவள் நான். மூன்றாம் தரம் டொக்டர் பிள்ளை என்னிடமிருந்து ஊசியை வாங்கி, கழுத்துப் பக்கத்தில் ஏற்றினா. இழுப்பு நின்றது. சீனி நூற்றெழுபதுக்கு வந்தது.

கண் திறக்கவில்லை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணித்தியாலம். எண் நன்றாக இருக்கிறது, ஆள் இல்லை. சீனி கூடினால் ஆளைத் தின்ன வருஷக்கணக்கு எடுக்கும். குறைந்தால் மூளைக்கு அந்த அவகாசம் கிடைக்காது. எவ்வளவு நேரம் கோயில் வீதியில் ஆடினாள், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவள் எழும்புவாளா, எழும்பினாலும் மனோன்மணியாக எழும்புவாளா என்று எனக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது.

தவராசா கட்டிலின் கால்மாட்டில், கதிரை கொடுத்தும் இருக்காமல் நின்றார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. இந்த முறை வீட்டிலிருந்து கொப்பியும் குளிசையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். டொக்டர் குளிசையை வாங்கிப் பார்த்தா. கணையத்தைப் பிடித்துத் தள்ளி இன்சுலினைச் சுரக்கவைக்கிற ரகம். ஒருநாள் முழுக்க உடம்பில் நின்று வேலை செய்யும். சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்க்காது.

"நாலு நாளும் போட்டவவோ?" என்று டொக்டர் கேட்டா.

"ஓம் டொக்டர். காலமையும் பின்னேரமும். ஒண்டும் விடேல்லை. கோயிலுக்கு வெளிக்கிட முதலும் போட்டவ." தவராசா கொப்பியைத் திறந்து முன்மட்டையின் உட்பக்கத்தைக் காட்டினார். "இதிலை எழுதியும் வைச்சிருக்கிறா."

மனோன்மணியின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. 'விரதம் எண்டாலும் குளிசை விடப்படாது. மிசி சொன்னது.' கீழே இரண்டு கோடு வேறு.

அதை இரண்டு தரம் வாசித்தேன். மதியம் இவளை எழுப்பிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேனே, இவளை விழுத்தினதே நான்தான். முப்பது வருஷமாக ஒருவரும் என் சொல்லைக் கேட்பதில்லை என்று புறுபுறுத்துத் திரிந்தவளுக்கு, கேட்ட ஒருத்தி எனக்கு முன்னால் கிடக்கிறாள்.

ஒளிக்க மனம் வரவில்லை. தவராசாவிடம் சொன்னேன், இதைச் சொன்னது நான்தான் அண்ணை, சாப்பிடாட்டிலும் போடு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் சொன்னது அப்படித்தான் கேட்டிருக்கும் என்று. அவர் என்னை ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

"தெரியும் மிசி," என்றார். "நீங்கள் சொன்னதெண்டுதான் நம்பிப் போட்டவ." மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆறு வருஷம் எனக்காகப் பட்டினி கிடந்தவ. இவ எழும்பேல்லை எண்டால் நான் கடலாலை திரும்பி வந்தது என்னத்துக்கு?"

பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் விரலில் குத்தினேன். அதைவிட எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றும் இல்லை. நான் முருகனிடம் அவ்வளவாகக் கேட்டுப் பழக்கமில்லாதவள். அன்றைக்குக் கேட்டேன்.

ஆறரை மணியளவில் மனோன்மணியின் புருவம் சுருங்கியது. பிறகு கண். கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தவராசாவைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, விளக்கு வைச்சனீங்களோ?" என்றாள். மனோன்மணியேதான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்தேன். டொக்டர் பிள்ளை என் முதுகில் கையை வைத்தா.

முடிந்தது என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. நாளத்தால் ஏறுவது ஏறட்டும், வாயாலும் சாப்பிடவேண்டும், குளிசை இன்னும் உள்ளே நிற்கிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினா. மனோன்மணி வாயை இறுக்கிக்கொண்டாள். தவராசா கெஞ்சினார். நான் முதன்முறையாக மெல்லிய குரலில் கெஞ்சினேன். அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்துபோனாள் போல. இரண்டு நாள்தானே, சொட்டுத் தண்ணி போதும் என்று தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பூசையை முடித்துக்கொண்டு, விபூதித் தட்டோடு கோயில் ஐயர் வந்தார். ஐயரும் எங்கள் கிளினிக் ஆள்தான். விஷயத்தைச் சொன்னோம். அவர் கதிரையில் இருந்து, ஒரு கொட்டாவியை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "மனோன்மணி, மருந்தாலை விரதம் முறியாது. உனக்கு இப்ப சீனித் தண்ணியும் பாலும் மருந்து. முருகன் கணக்குப் பாக்கிற ஆளில்லை. குடி."

நல்லாய்ச் சொன்னார். ஆனால் சொல்லும்போது இன்னொரு கொட்டாவி. நெற்றியில் விபூதி ஈரமாகி ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்கால மாலை, மற்ற எல்லோரும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். நான் கிட்டப் போய் மெதுவாகக் கேட்டேன், ஐயா, நீங்களும் விரதமோ? ஓம் என்றார். குளிசை? ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"காலமை போட்டனான். நீங்கள்தானே மிசி விடப்படாதெண்டனீங்கள்."

கையைப் பிடித்து விரலில் குத்தினேன். ஐம்பத்திரண்டு. இன்னும் அரை மணித்தியாலம் விட்டிருந்தால் அவருக்கும் சாமி வந்திருக்கும். ஆள் நினைவோடு இருக்கிறார், விழுங்குவார், அதனால் ஊசி வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன். ஐயர் கோப்பையைப் பார்த்தார். மனோன்மணியைப் பார்த்தார். மனோன்மணி தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்ன தீர்ப்பு தன் கையில் கோப்பையாக வந்து நிற்கும் என்று பாவம் மனுசன் நினைத்திருக்கமாட்டார். கண்ணை மூடி, "முருகா" என்று, ஒரே மூச்சில் குடித்தார்.

"எனக்கும் தாங்கோ," என்றாள் மனோன்மணி.

இரண்டு பேரும் சேர்ந்து பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டதை நான் நின்று பார்த்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்தினேன், இருவருக்கும் ஏறியிருந்தது. ஆனால் அந்த ஆவணி மாத வாங்கில் இருந்தது இவர்கள் இரண்டு பேர் மட்டும் அல்ல.

என் கடமை முடிந்துவிட்டது, வீட்டை போகவில்லை. கிளினிக் அறையைத் திறந்து, விரதம் பிடிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரின் இலக்கத்தையும் எடுத்து அடித்தேன். டொக்டர் பிள்ளை மற்றத் தொலைபேசியில் அடித்தா. யாரும் என் குரலைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. கிளினிக் மிசி நேரம் கெட்ட நேரத்தில் ஏன் எடுக்கிறா என்று வடையை ஒளித்திருப்பார்கள். பெரும்பாலானோர் வழக்கம்போல நான் சொன்னதைக் கேட்கவில்லை, குளிசையைத் தொடவே இல்லை. வாழ்க்கையில் ஒருநாளும் அதற்கு அவ்வளவு நன்றி சொன்னதில்லை. இரண்டு பேர் மட்டும் போட்டிருந்தார்கள், தலை சுற்றுகிறது என்றார்கள். உடனே சீனித் தண்ணி குடிக்கச் சொல்லி, ஓட்டோ பிடித்து வரவழைத்தோம்.

மனோன்மணி ஏழாம் நாள் வரை ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தாள். சூரன்போரைத் தவராசா தொலைபேசியில் வீடியோவாகக் காட்டினார். ஏழாம் நாள் காலை ஐயர் கோயிலிலிருந்து பாறணைச் சோறு அனுப்பினார். அவள் அதைக் கும்பிட்டுச் சாப்பிட்டபோது, நேர்த்தி நிறைவேறிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அதில் எனக்குச் சந்தேகம் சொல்ல ஒன்றுமில்லை.

அதன்பிறகு எங்கள் கிளினிக்கில் ஒரு பழக்கம் வந்தது. ஐப்பசி பிறக்க முதல் ஒவ்வொருவரையும் தனியாக இருத்தி, விரதமா என்று கேட்போம். எந்த விரதம், என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்று கேட்டு, டொக்டரிடம் அனுப்பிக் குளிசையைக் குறைத்தோ நிறுத்தியோ எழுதிக் கொடுப்போம். ஒருவருக்கு ஏசியதை வாங்கு முழுவதற்கும் ஏசுவதை நான் விட்டேன். ஒருவரின் கறுத்த விரலுக்குச் சொன்ன வார்த்தை, இன்னொருத்தியின் கொப்பியில் அடிக்கோட்டோடு ஏறிவிடுகிறது. நீங்களும் உங்கள் ஆட்களிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், போன முறை நான் என்ன சொன்னேன் என்று. நீங்கள் சொன்னது வராது, அவர்கள் கேட்டதுதான் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்குச் சரியாகச் சொன்னது வேலைக்கு வந்து ஆறு மாதமாகாத பிள்ளை, பிழையாகச் சொன்னது முப்பது வருஷ அனுபவம். என்னைப் போன்ற பழையவர்கள் "நான் பொறுப்பு" என்று சொன்னால், தயவுசெய்து இரண்டாம் தரமும் கேளுங்கள். ஏசுவோம்தான். ஏசட்டும் என்று கேளுங்கள்.

அடுத்த வருஷம் புரட்டாசிக் கடைசிச் செவ்வாயில் மனோன்மணி தானே என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தாள். வாங்கின் ஓரத்தில் ஒன்றும் பேசாமல் இருக்கிறவள், நான் கேட்க முதலே கொப்பியை நீட்டினாள்.

"மிசி, இந்த முறையும் கந்தசட்டி இருக்கப் போறன். குளிசையை என்ன செய்யிறதெண்டு இப்பவே எழுதித் தாங்கோ."

எனக்கு விளங்கவில்லை. நேர்த்தி ஆறு வருஷத்தோடு முடிந்துவிட்டதே, பிறகு என்னத்துக்கு என்று கேட்டேன். தவராசாவுக்கு ஏதாவது சுகமில்லையோ என்று உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

"அவர் நல்லா இருக்கிறார்," என்றாள் மனோன்மணி, என் முகத்தை நேரே பார்த்து. "இது புது நேத்தி. உங்கடை வாய் கொஞ்சம் அடங்கவேணுமெண்டு நேந்திருக்கிறன். எத்தினை வருஷம் எடுக்குமோ தெரியாது."

வாங்கு முழுவதும் சிரித்தது. ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கொப்பியின் முன்மட்டை திறந்திருந்தது. என் பழைய வார்த்தையை வெட்டிவிட்டு, அதே குண்டு எழுத்தில் 'விரதம் எண்டால் மிசியைக் கேக்கவேணும்' என்று எழுதியிருந்தாள். வாயை மூடிக்கொண்டு, அவளை டொக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.